நூற்றிரண்டு பெயர்களும் ஒரு புள்ளடியும்

ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நகரசபை பற்றிப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் 2023 யூன் மாதத்து மேயர் தேர்தலை இழுத்து வந்து சிரிக்காமல் விடுவதில்லை. ஜோன் ரோறி அந்த ஆண்டு பெப்ரவரியில் பதவி விலகியதால் இடையில் வந்த அந்தத் தேர்தலில், ஒரேயொரு பதவிக்கு 102 பேர் போட்டியிட்டார்கள். தன் வளர்ப்பு நாயைக் கௌரவ மேயராக்குவேன் என்று சொன்ன ஒருவரும், பதினெட்டு வயதே ஆன மாணவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்பதால், கதை சொல்பவருக்குச் சரக்குக்குப் பஞ்சம் வருவதில்லை. சிரித்து ஓய்ந்ததும் பேச்சு எப்போதும் ஒரே முடிவில்தான் போய் நிற்கும்: கட்டுப்பணத்தைப் பத்தாயிரம் டொலர் ஆக்க வேண்டும், ஆயிரம் பேரின் கையொப்பம் கேட்க வேண்டும், அப்போதுதான் இந்தக் கூத்து அடங்கும். அண்மையில் ஒரு பிறந்தநாள் விழாவிலும் இதே பேச்சு நடந்தது. நான் மறுத்துச் சொல்ல முற்பட்டேன். ஆனால் சாப்பாட்டு வரிசை நகர்ந்துகொண்டிருந்த இடத்தில் தேர்தல் முறை பற்றிய விளக்கம் எடுபடவில்லை. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

அந்த 102 என்ற எண் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பது என் கருத்து. மேயர் பதவிக்கு நிற்க விரும்புகிறவர் சில நூறு டொலர் கட்டணமும் 25 வாக்காளர்களின் கையொப்பமும் கொடுத்தாற் போதும். தேர்தல் முடிந்ததும் கணக்கை ஒழுங்காகக் காட்டினால் அந்தப் பணமும் திரும்பிவிடும். கதவு அகலத் திறந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கதவால் நுழைந்தவர்கள் எத்தனை வாக்கைக் கொண்டுபோனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒலிவியா சௌ 37.2 சதவீதம், அனா பைலாவ் 32.5, மார்க் சோண்டர்ஸ் 8.6, அந்தனி ஃபியூரி 5, ஜொஷ் மற்லோ 4.9, மிற்ஸி ஹன்ரர் 2.9, குளோயி பிரவுன் 2.6, பிராட் பிராட்ஃபோர்ட் 1.3. இந்த எட்டுப் பேரையும் கூட்டினால் ஏறத்தாழ 95 சதவீதம் வந்துவிடுகிறது. மீதி 94 பேரும் சேர்ந்து பெற்றது நூற்றுக்கு ஐந்து. சௌவுக்கும் பைலாவுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 34,000 வாக்குகள். அந்த 94 பேரின் வாக்குகளையும் ஒன்றுவிடாமல் அள்ளிப் பைலாவிடம் கொடுத்திருந்தாற்கூட முடிவு மட்டுமட்டாகத்தான் இருந்திருக்கும். வாக்குச்சீட்டு பெரிதாக இருந்தது, குடும்பப் பெயரின் அகரவரிசையில் விரும்பியவரைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, எண்ணுகிற இயந்திரம் வழக்கம்போல எண்ணியது. நடந்தது அவ்வளவே.

(கூட்டாட்சி மட்டத்தில் அண்மைக் காலமாக நடப்பது வேறு கதை. 2024இல் ரொறன்ரோ சென்ற் போல்ஸ் இடைத்தேர்தலில் 84 பேரும், 2025இல் அல்பேர்ட்டாவின் பற்றில் ரிவர் குரோஃபுட் இடைத்தேர்தலில் 214 பேரும் நின்றார்கள். அங்கே பட்டியலை நீட்டியது, தேர்தல் முறையை மாற்றக் கோரும் ஒரு குழுவினரின் திட்டமிட்ட எதிர்ப்பு. ரொறன்ரோவின் 102 பேரை அப்படி யாரும் திரட்டவில்லை; அவரவர் தத்தம் ஆசையில் வந்து சேர்ந்தவர்கள்.)

ஆகவே, நெரிசல் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். சிக்கலை உண்டாக்கியவர்கள் கேலிக்கு ஆளான அந்தப் பலர் அல்லர். அனுபவமும் ஆளணியும் பணமும் வைத்திருந்த ஏழெட்டுப் பேர். நகரை நடத்தத் தகுதியுள்ளவர் என்று நியாயமாக நம்பக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் நின்று, வாக்காளரின் கையில் ஒரேயொரு புள்ளடி மட்டும் இருந்தால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தத் தேர்தல் எழுப்பிய கேள்வி. கட்டுப்பணத்தைப் பத்தாயிரம் ஆக்கினால் அந்த ஏழெட்டுப் பேரும் பணத்தைக் கட்டிவிட்டு அப்படியேதான் நிற்பார்கள்.

கட்சி இல்லாத இடத்தில்

ஒன்ராறியோவின் நகரசபைத் தேர்தல்களில் கட்சிகள் கிடையாது. வாக்குச்சீட்டில் பெயர் மட்டுமே இருக்கும். சின்னம் இல்லை, நிறம் இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. வீடு, சைக்கிள், யானை என்று சின்னம் பார்த்துப் புள்ளடி போட்டுப் பழகிய எங்கள் மூத்தவர்களுக்கு இது முதலில் விசித்திரமாக இருந்தது. பிறகு, கட்சி இல்லாவிட்டால் சண்டையும் இல்லை, நல்ல ஆளைப் பார்த்துப் போடலாம் என்று அதையே ஒரு சிறப்பாகச் சொல்லத் தொடங்கினார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. நகரசபையில் ஓர் உறுப்பினர் ஒரு பேருந்துத் தடத்துக்காக மேயரோடு சேர்ந்து வாக்களித்துவிட்டு, அடுத்த விடயத்தில் மேயரை எதிர்த்து வாக்களிக்க முடிகிறது. கொறடாவின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு இருபது பேர் ஒரே நேரத்தில் கை தூக்கும் காட்சி அங்கே இல்லை. எனக்கும் அது பிடிக்கும்.

ஆனால் கட்சி இல்லை என்பது வாக்குச்சீட்டில் மட்டுமே உண்மை. ஒலிவியா சௌ 2006 முதல் 2014 வரை புதிய சனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஹன்ரர் ஒன்ராறியோ லிபரல் அரசில் அமைச்சராக இருந்தவர். முன்னாள் பொலிஸ் மாஅதிபர் சோண்டர்ஸ், அதற்கு முந்திய ஆண்டுதான் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் சார்பில் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றிருந்தார். விலகிப் போன ஜோன் ரோறியோ அதே கட்சிக்கு ஒருகாலத்தில் தலைவராகவே இருந்தவர். இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு வாக்குச்சீட்டு எதையும் சொல்லாது. ஆங்கிலப் பத்திரிகையை நாள்தோறும் படிக்கிறவருக்கு அது மறைமுகமான கட்சித் தேர்தல். புதிதாகக் குடியுரிமை பெற்று முதல்முறை வாக்களிக்க வந்தவருக்கு அது 102 வெறும் பெயர்கள். மொன்றியலிலும் வன்கூவரிலும் நகர அளவிலான கட்சிகள் இருக்கின்றன. அங்கே ஒரு பெயருக்குப் பக்கத்தில் அதன் கூட்டம் எது என்பதாவது அச்சாகியிருக்கும். கட்சிகளை ரொறன்ரோவுக்கும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு கட்சி செய்கிற வேலை ஒன்று உண்டு, கட்சியை நீக்கினாலும் அந்த வேலை நீங்குவதில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன்.

ஒரே மாதிரியான எண்ணம் கொண்ட ஐந்து பேரில் ஒருவரைத் தேர்ந்து நிறுத்திவிட்டு மற்ற நால்வரையும் வீட்டில் இருக்கச் சொல்வதுதான் அந்த வேலை. கட்சி இல்லாத ஊரில் அதை யார் செய்வது? 2023இல் அதைச் செய்தவை கருத்துக்கணிப்புகளும் விவாத மேடைகளும். விவாதம் நடத்துகிறவர் 102 பேரை மேடையில் ஏற்ற முடியாது. ஆகவே பெரும்பாலான மேடைகளில் பைலாவ், பிராட்ஃபோர்ட், சௌ, ஹன்ரர், மற்லோ, சோண்டர்ஸ் என்ற அறுவரையே காண முடிந்தது. அந்த ஆறு பேரை எப்படித் தெரிந்தார்கள் என்றால், கருத்துக்கணிப்பில் அவர்கள் மேலே இருந்தார்கள். மேலே இருந்ததற்கு ஒரு காரணம், கணிப்பு நடத்தியவர்கள் அவர்களுடைய பெயர்களை வாசித்துக் கேட்டார்கள் என்பது. 2022 மேயர் தேர்தலில் மூன்றாவதாக வந்த குளோயி பிரவுன் இந்த வட்டத்துக்கு வெளியே நின்றபடியே பிராட்ஃபோர்டை விட இரு மடங்கு வாக்குப் பெற்றார் என்பதைப் பார்த்தால், அந்த அரிதட்டின் கண்கள் எவ்வளவு ஒழுங்கற்றவை என்பது தெரியும். சட்டம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே யாரைப் பார்ப்பது என்பதைச் சட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் தீர்மானித்தார்கள்.

அந்தக் கடைசி வாரம்

என் பெரியம்மா ஒருவர் ஸ்காபரோ கில்ட்வூட் பகுதியில் மகனோடு வசிக்கிறார். எழுபதைக் கடந்தவர். தமிழ் வானொலியும் கடைவாசலில் கிடைக்கும் இலவசப் பத்திரிகைகளும்தான் அவருடைய செய்தி மூலங்கள். ஆனால் வாக்களிக்காமல் ஒருமுறையும் இருந்ததில்லை. 2023 வைகாசியிலேயே அவர் முடிவெடுத்துவிட்டார்: மிற்ஸி ஹன்ரர். காரணம் எளிமையானது. 2013 முதல் அந்தத் தொகுதியின் மாகாண சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் ஹன்ரர். மேயர் போட்டிக்காக அந்த ஆசனத்தையே துறந்துவிட்டு வந்தார். "கையிலை இருந்ததை விட்டிட்டு வந்திருக்கிறா, அப்ப ஏதோ செய்யத்தானே யோசிச்சு வந்திருப்பா" என்பது பெரியம்மாவின் வாதம். ஸ்காபரோ ரயில் பாதையை மூடப்போகிறார்கள், இனிப் பேருந்துதான் என்ற செய்தியும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஸ்காபரோக்காரர் ஒருவர் மேயராக இருந்தால் எங்கள் பக்கத்தை மறக்கமாட்டார் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அதை ஒரு குறுகிய எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. நகரத்தின் மறுகரையில் இருப்பவர்கள் ஸ்காபரோவை நினைக்கிற அளவை வைத்துப் பார்த்தால், அது அனுபவத்தின் பாடம்.

தேர்தல் யூன் 26. வாக்களிப்புக்குச் சில நாள்களே இருந்த வேளையில் ஜோன் ரோறி, தன்னுடைய ஆதரவு பைலாவுக்கு என்று அறிவித்தார். அதுவரை கருத்துக்கணிப்புகளின் தோற்றம் ஒரே மாதிரி இருந்தது: சௌ தனியாக முன்னே, அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் பத்துச் சதவீதத்தை ஒட்டி ஒருவர்மேல் ஒருவராக. முதலமைச்சர் டக் ஃபோர்ட், சௌ வென்றால் நகரத்துக்குப் பேரழிவு என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். தம் ஆதரவு சோண்டர்ஸுக்கு என்பதையும் மறைக்கவில்லை. சௌவை விரும்பாதவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் யாருக்குப் பின்னால் அணிதிரள்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. ரோறியின் அறிவிப்பு அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது. தன் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவரோடு இருந்த உறவை ஒப்புக்கொண்டு பதவி துறந்து, அந்தத் தேர்தலுக்கே காரணமாக இருந்த மனிதரே அதன் கடைசிக் கட்டத்தில் ஆளைக் காட்டிக் கொடுத்தார் என்பதில் இருந்த வேடிக்கையை, நாய் கதை சொல்லிச் சிரிப்பவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று இரவு பெரியம்மா தொலைபேசியில் வந்தார். "எனக்குப் பிடிச்ச ஆள் வேறை, தம்பி. ஆனால் அவ வெல்லமாட்டா எண்டு எல்லாரும் சொல்லுகினம். சௌ வந்தா வீட்டுவரியைக் கூட்டிப்போடுவா எண்டு இவன் பயப்பிடுறான். இப்ப நான் ஆருக்குப் போடுறது?" வரியை எவ்வளவு உயர்த்துவேன் என்று எண்ணிக்கையாகச் சொல்லச் சௌ மறுத்திருந்த காலம் அது, மகனின் பயம் ஆதாரமில்லாததல்ல. உங்களுக்குப் பிடித்தவருக்கே போடுங்கள் பெரியம்மா, அதுதானே வாக்கு என்றேன். "அப்ப வீணாப்போகும் எண்டு தெரிஞ்சுகொண்டும் போடச் சொல்லுறியோ?" என்று அவர் கேட்டபோது என்னிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. நான் சௌவுக்கு வாக்களிப்பதாக இருந்தேன். அவருக்கு வாக்களிப்பதில் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டிய தேவை இல்லாதிருந்தது. விரும்பியவருக்கே போடு என்று உபதேசிப்பது முன்னணியில் நிற்பவரின் ஆதரவாளனுக்கு இலகுவான காரியம். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை இன்றுவரை விடவில்லை: "ஊரிலை சனாதிபதித் தேர்தலிலை ஒண்டு, ரண்டு, மூண்டு எண்டு போடலாமெல்லோ? இவ்வளவு முன்னேறின நாட்டிலை அது இல்லையோ?"

பெரியம்மா கடைசியில் பைலாவுக்குப் போட்டார். என் நண்பர் ஒருவர் இதற்கு நேரெதிரான பாதையில் போனார்: மற்லோவின் திட்டங்களை வரிவரியாகப் படித்து ஆதரித்தவர், ரோறியின் அறிவிப்பைக் கண்டதும், பழைய ஆட்சியே திரும்ப வந்துவிடும் என்று பயந்து சௌவிடம் போய்விட்டார். மூன்றாவது ஆள் என் மச்சான். முற்கூட்டிய வாக்களிப்பு நாள்கள் யூன் 13உடன் முடிந்திருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாள்களிலேயே வாக்களித்திருந்தார்கள், மச்சானும் அவர்களில் ஒருவராகச் சோண்டர்ஸுக்குப் போட்டிருந்தார். ரோறியின் அறிவிப்பு வந்தபோது மாற்றிப் போட அவர் கையில் வாக்கு இல்லை. இந்த மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். அந்த வாரம் அவர்கள் நகரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றியே யோசித்தார்கள். முடிவு வந்தபோது பைலாவ் 235,000 வாக்குகளைத் தாண்டியிருந்தார். சௌ 269,000ஐத் தாண்டி வென்றார். அதுவரை பத்துச் சதவீதத்தை ஒட்டி நின்ற மற்றவர்கள் கரைந்துபோனார்கள். கணக்குகளையெல்லாம் போட்டுத் திட்டம் வகுத்திருந்த ஹன்ரருக்கு 2.9 சதவீதம். அந்த 2.9 என்பது அவரை விரும்பியவர்களின் எண்ணிக்கை அல்ல. விரும்பியும் விட்டுப் போகாமல் நின்றவர்களின் எண்ணிக்கை. முதல் எண் என்ன என்பதை இனி யாராலும் அறிய முடியாது, ஏனென்றால் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

இது சௌவுக்கும் புதிதல்ல என்பதைச் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். 2014 மேயர் தேர்தலின் தொடக்கத்தில் கருத்துக்கணிப்புகளில் முன்னே நின்றவர் அவர்தான். அந்த ஆண்டு கோடையில், ஃபோர்ட் குடும்பத்தை வீழ்த்தக்கூடியவர் ரோறிதான் என்ற எண்ணம் பரவியதும், சௌவின் ஆதரவு மாதத்துக்கு மாதம் கசிந்தது. செப்ரெம்பரில் அப்போதைய மேயர் ரொப் ஃபோர்ட் உடல்நலக் குறைவால் விலகி அண்ணன் டக் ஃபோர்ட் அவரிடத்துக்கு வந்தார். பயம் தொடர்ந்தது, கசிவும் தொடர்ந்தது. ரோறி 40 சதவீதம், டக் ஃபோர்ட் 34, சௌ 23 என்று முடிந்தது. ரோறியின் அந்த 40இல் எத்தனை பேர் சௌவை விட்டு மனமில்லாமல் போனவர்கள் என்பதற்கும் கணக்கில்லை. ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வாக்களிப்பு முறை ஒரே ஆளை ஒருமுறை கீழே தள்ளி, மறுமுறை, எதிராளிகள் பிந்தித் திரண்டதால், மேலே ஏற்றியது.

ஒன்று, இரண்டு, மூன்று

பெரியம்மா சொன்ன வசதி இலங்கையின் சனாதிபதித் தேர்தலில் 1982 முதல் இருக்கிறது. எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் ஒரு புள்ளடியோடு எழும்பி வந்துவிடுவார்கள் என்பதும், 2024 வரை ஒவ்வொரு முறையும் ஒருவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டி, இரண்டாம் விருப்பத்தை எண்ணவேண்டிய தேவை வரவில்லை என்பதால் அந்த ஏற்பாட்டையே பலர் மறந்திருந்தார்கள் என்பதும் உண்மை. 2024 செப்ரெம்பரில்தான் முதன்முறையாக அது எண்ணப்பட்டது. முதற்சுற்றில் 42 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க இரண்டாவது எண்ணிக்கையிலும் முன்னே நின்று வென்றார். பெரியம்மா என்னைக் கேட்டது அதற்கு ஓராண்டுக்கு முன்னர். யாரும் பயன்படுத்தாத ஒரு விதியை அவர் ஞாபகத்தில் வைத்திருந்தார்.

அவருடைய கேள்விக்கான பதில், இங்கேயும் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள் என்பதுதான். 2016இல் ஒன்ராறியோ அரசு, விரும்பிய நகரங்கள் வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறைக்கு (கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை மற்றவர்களோடு சேர்த்துச் சுற்றுச் சுற்றாக எண்ணுவது) மாறலாம் என்று சட்டம் செய்தது. ரொறன்ரோ நகரசபை அந்த உரிமையை 2013இல் தானே கேட்டு வாங்கப் புறப்பட்டு, 2015இல் வேண்டாம் என்று தானே பின்வாங்கியது; இந்தப் பின்வாங்கலைப் பற்றி நகரசபையினர் இப்போது அதிகம் பேசுவதில்லை. லண்டன் நகரம் (ஒன்ராறியோவின் லண்டன்) மட்டும் 2018இல் துணிந்து நடத்தியது. கிங்ஸ்ரனும் கேம்பிறிட்சும் அதே ஆண்டு மக்களிடம் வாக்கெடுத்து, 2022இல் மாறுவதற்கு ஒப்புதலும் பெற்றன. 2020 இறுதியில், பெருந்தொற்றுக்குப் பின்னான மீட்சி பற்றிய ஒரு சட்டத்தோடு சேர்த்து, ஃபோர்ட் அரசு அந்த உரிமையை முழுவதுமாக நீக்கியது. இரண்டு நகரங்களின் வாக்காளர்கள் நேரடியாகச் சொன்ன விருப்பம் நடைமுறைக்கு வருமுன்னரே செல்லாததாயிற்று.

வரிசைப்படுத்தி வாக்களித்திருந்தால் 2023இல் வேறொருவர் வென்றிருப்பார் என்று நான் வாதிடவில்லை. லண்டனில் 14 பேர் நின்ற மேயர் போட்டி 14 சுற்றுகள் எண்ணப்பட்டது. முதற்சுற்றில் முன்னே நின்ற எட் ஹோல்டரே கடைசியிலும் வென்றார். இவ்வளவு செலவு எதற்கு என்று அப்போதே கேட்டார்கள். ஆனால் ஹோல்டருக்கு ஒன்று கிடைத்தது: தாம் எதிராளியைவிடப் பெரும்பான்மையோரால் விரும்பப்பட்டவர் என்று காட்டும் ஓர் எண்ணிக்கை. 2023இல் ரொறன்ரோவில் பத்துப் பேரில் நால்வர்கூட வாக்களிக்கவில்லை, வாக்களித்தவர்களில் 37 சதவீதம் சௌவுக்கு. தகுதியுள்ள வாக்காளர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்று கணக்கு வருகிறது. அவருக்குக் கையளிக்கப்பட்டதோ ரோறியின் கடைசி மாதங்கள்வரை எந்த மேயரிடமும் இல்லாத அதிகாரம். 2022இல் மாகாண அரசு கொண்டுவந்த சட்டங்களின்படி, வீடு கட்டுவது போன்ற மாகாண முன்னுரிமைகளுக்காக, 26 பேர் கொண்ட நகரசபையில் தன்னோடு எட்டுப் பேர் இருந்தாலே மேயர் ஒரு துணைச்சட்டத்தை நிறைவேற்றலாம். சிறுபான்மையைக் கொண்டு ஆளும் அந்த வழியைத் தொடமாட்டேன் என்று சௌ பிரசாரத்திலேயே சொல்லியிருந்தார். அடுத்து வருகிறவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் இரண்டு தமிழர் நின்றால், இரண்டாவதாக வந்தவர்மேல் வாக்கைப் பிரிக்க வந்தவர் என்ற பழி விழும். யாரோ காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பது வரை கதை போகும். 2018இல், பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே 47 வட்டாரங்கள் 25 ஆகக் குறைக்கப்பட்ட அந்தத் தேர்தலில், அப்போது நகரசபை உறுப்பினராக இருந்த தமிழர் நீதன் சாண் 154 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வென்ற ஜெனிபர் மக்கெல்விதான் பிறகு துணை மேயராகி, ரோறி விலகியதும் புதிய மேயர் வரும்வரை நகரத்தைப் பார்த்துக்கொண்டவர். 154 வாக்கு என்பது இரண்டு தொடர்மாடிக் கட்டடங்கள். பலர் நிற்கும் வட்டாரத்தில், கடைசி இடங்களுக்கு வந்தவர்களுக்குப் போட்டவர்களின் இரண்டாம் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தால் அவர் வென்றிருக்கலாம், இன்னும் கூடுதலாகத் தோற்றுமிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும், தேர்தலுக்கு மறுநாள் கோப்பிக் கடைகளில் ஒருவரையொருவர் துரோகி என்று சொல்லும் வேலை மிஞ்சியிருக்காது.

இவ்வளவு குழப்பமான முறையைச் சாதாரண வாக்காளர் எப்படி விளங்கிக்கொள்வார் என்பது இதற்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். அதைச் சொல்கிற கட்சிகள் தங்கள் தலைவர்களைத் தெரிவது இந்த முறையில்தான். 2018 மார்ச்சில் முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் தலைமைப் போட்டியில் நால்வர் நின்றார்கள். முதற்சுற்றில் முன்னே நின்றவர் கிறிஸ்ரீன் எலியட். டக் ஃபோர்ட் சற்றே பின்தங்கி இரண்டாமவராக இருந்தார். கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக நீங்க, அவர்களுடைய ஆதரவாளர்களின் அடுத்த விருப்பங்கள் சேர்ந்து, மூன்றாம் சுற்றில் ஃபோர்ட் வென்றார். மூன்று மாதத்தில் முதலமைச்சரானார். ஒரேயொரு புள்ளடிதான் என்று அன்று அந்தக் கட்சி சொல்லியிருந்தால், 2020இல் நகரங்களிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்கும் இடத்தில் அவர் இருந்திருக்கவே மாட்டார்.

நகரசபையால் இதை மாற்ற முடியாது. சட்டம் மாகாண சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கின் கையில் இருக்கிறது. ஆகவே 2026 ஒக்ரோபர் மேயர் தேர்தலில் நிற்பவர்களிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. தைப்பொங்கல் விழாக்களுக்கு மாகாண சட்டமன்ற உறுப்பினர்கள் வேட்டியும் சேலையும் கட்டிக்கொண்டு வருவார்கள்; பேச்சு முடிந்து படம் எடுக்க நிற்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் கிடைக்கும். டக் ஃபோர்ட் எத்தனையாம் சுற்றில் தலைவரானார் என்ற கேள்வியோடு தொடங்கலாம் என்று இருக்கிறேன். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகும்.